எல்லாம் பச்சை சார்!

கார் ஓட்டுகிறவர் முன்னால் பெட்ரோல் முள், ஸ்பீடு முள், இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் என்று வரிசையாக இருக்குமே, டேஷ்போர்டு... கொஞ்ச வருஷங்களாக அது கம்பெனி எம்.டி.க்களின் மேஜைக்கும் வந்துவிட்டது. கம்ப்யூட்டர் திரையில் ஒரே ஒரு பக்கம். நேற்று எவ்வளவு விற்றது, எந்தக் கிளையில் சரக்கு தேங்குகிறது, யார் பாக்கி வைத்திருக்கிறார்கள், எத்தனை பேர் ராஜினாமா கடிதம் கொடுத்திருக்கிறார்கள்... எல்லாம் அதில் உண்டு. நிலைமை சரியாக இருந்தால் பச்சை. லேசாக இடித்தால் மஞ்சள். கவலைக்கிடம் என்றால் சிவப்பு.

இதை விற்க வருகிறவர்களிடம் ஒரு வசனம் தயாராக இருக்கும். ''சார், இனிமே நீங்க யாரையும் கேக்கவே வேணாம். எல்லாத்தையும் இதுவே சொல்லிடும்!''

எனக்குத் தகராறு அந்த மென்பொருளோடு இல்லை. அந்த வசனத்தோடுதான். 'இனி யாரையும் கேட்க வேண்டாம்' என்று ஒரு தலைவர் முடிவு கட்டுகிற நாளில்தான், அவருடைய கம்ப்யூட்டர் அவரைக் கவிழ்க்க ஆரம்பிக்கிறது. சும்மா சொல்லவில்லை. பெரிய பெரிய தலைகள் கவிழ்ந்த கதைகள் கைவசம் இருக்கின்றன. அதற்கு முன்னால், இந்தக் கருவி எதற்காகப் பிறந்தது என்று பார்த்துவிடலாம்.

*

1978. அமெரிக்காவின் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல். டான் பிரிக்லின் என்கிற மாணவருக்கு, வகுப்பில் பேராசிரியர் கரும்பலகையில் கணக்குப் போடுவதைப் பார்த்துப் பார்த்து ஒரு யோசனை. ஒரு எண்ணை மாற்றினால், அதை நம்பியிருக்கும் அத்தனை எண்களையும் அழித்து அழித்துத் திருத்த வேண்டியிருக்கிறதே!

பி.காம். படித்த என் போன்றவர்களுக்கு இந்த வேதனை நன்றாகவே புரியும். பரீட்சை ஹாலில் பேலன்ஸ் ஷீட்டின் இரண்டு பக்கமும் ஒத்துப்போகாமல், 'எங்கேடா அந்த 450 ரூபாய்?' என்று மூன்று பக்கம் பின்னால் போய்த் தேடுவது எங்கள் ஜாதகத்திலேயே எழுதப்பட்ட சங்கதி.

'ஒரு எண்ணை மாற்றினால் மற்றதெல்லாம் தானாக மாறிக்கொள்கிற மாயக் கரும்பலகை இருந்தால் எப்படி இருக்கும்?' என்று பிரிக்லின் யோசித்தார். நண்பர் பாப் பிராங்க்ஸ்டனும் கை கொடுக்க, 1979இல் 'விசிகால்க்' வெளியானது. பர்சனல் கம்ப்யூட்டருக்கு வந்த முதல் ஸ்ப்ரெட்ஷீட். உங்கள் ஆபீஸில் இன்றைக்கு இருக்கும் எக்ஸெல்லுக்கு அது பாட்டன் முறை. ஆப்பிள் 2 கம்ப்யூட்டரை வியாபாரிகள் தேடிப்போய் வாங்கியதற்கு முக்கியக் காரணமே அந்த ஒரு மென்பொருள்தான்.

எதற்காக வாங்கினார்கள்? அது பதில் சொல்லும் என்றா? இல்லை. 'வட்டி 2 சதவீதம் ஏறினால் என்ன ஆகும்? விற்பனை படுத்தால் எத்தனை மாசம் தாக்குப்பிடிப்போம்? விலையைக் கொஞ்சம் குறைத்துப் பார்த்தால்?' என்று விதவிதமாகக் கேட்டுப் பார்க்கலாம் என்பதற்காக. ராத்திரி முழுக்க உட்கார்ந்து போட வேண்டிய கணக்கு, ஒரு பட்டனைத் தட்டினால் வந்து நின்றது.

ஆக, பிறவியிலேயே இது கேள்வி கேட்கிற கருவி. நாம்தான் அதைப் பிடித்து, உடுக்கையைக் கையில் கொடுத்து, குறி சொல்லும் கோடாங்கி ஆக்கிவிட்டோம்.

*

கேள்வி கேட்கத் தெரிந்த தலைவர் கையில் இது கிடைத்தால் என்ன நடக்கும்? ஒரு கதை.

கேரி லவ்மேன் ஹார்வர்டில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தவர். பொருளாதாரத்தில் டாக்டர் பட்டம். 1998இல் அமெரிக்காவின் 'ஹாராஸ்' கேசினோ கம்பெனியில் தலைமைப் பொறுப்புகளில் ஒன்றை ஏற்றார். 2003இல் அதன் சி.இ.ஓ. ஆனார். சூதாட்ட விடுதி நமக்கு உவப்பான தொழில் இல்லைதான். தொழிலைத் தள்ளி வைத்துவிட்டு, முடிவெடுத்த விதத்தை மட்டும் கவனியுங்கள்.

கேசினோ உலகில் ஒரு நம்பிக்கை இருந்தது. கோட் சூட் போட்டு, ஒரே ராத்திரியில் லட்சங்களை வைத்து ஆடும் பணக்காரர்கள்தான் அந்தத் தொழிலின் குலதெய்வம். அவர்களைத் தாங்கு தாங்கென்று தாங்க வேண்டும். லவ்மேன், வாடிக்கையாளர்கள் மெஷினில் செருகும் கார்டில் சேர்ந்திருந்த விவரங்களை அலசச் சொன்னார். வருகிறவர்களில் 26 சதவீதம் பேரிடமிருந்து 82 சதவீத வருமானம் வருவது தெரிந்தது. அந்த 26 சதவீதம் யார்? கோட் சூட் ஆசாமிகள் இல்லை. நடுத்தர வயதைத் தாண்டியவர்கள். பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், ஆலைத் தொழிலாளிகள். சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் கொஞ்ச நேரம் மெஷினில் காசு போட்டு ஆடிவிட்டுப் போகிறவர்கள்.

அடுத்து இன்னொரு கேள்வி: 'இவர்களுக்குச் சலுகையாக எதைக் கொடுத்தால் திரும்பி வருவார்கள்?' வழக்கமாகக் கொடுப்பது இலவச அறை, இரண்டு வேளை ஸ்டீக் சாப்பாடு, 30 டாலருக்கு ஆட்டக் காசு. மொத்த மதிப்பு 125 டாலர். மிஸிஸிப்பி மாநிலத்தில் ஒரே மாதிரியான இரண்டு கோஷ்டிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு கோஷ்டிக்கு இந்த 125 டாலர் உபசாரம். இன்னொன்றுக்கு 60 டாலர் ஆட்டக் காசு மட்டும். சாப்பாடும் இல்லை, அறையும் இல்லை. ஜெயித்தது எது தெரியுமா? 60 டாலர்! பாதிச் செலவில் அதிக வரும்படி.

இந்த இடத்தில் ஒன்றை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். மென்பொருள், 'சார், ஸ்டீக்கை நிறுத்துங்க' என்று சொல்லவில்லை. லவ்மேன் கேட்டார், பரிசோதித்தார், தன் வழக்கம் தப்பு என்று தெரிந்ததும் மாற்றினார். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கோஷ்டியை வைக்காமல் எவராவது புதுத் திட்டம் தொடங்கினால் வேலை காலி என்று அவர் சொல்லுவது அந்தத் தொழிலில் பிரசித்தம்.

சரி, இவ்வளவு கெட்டிக்காரர் கம்பெனி என்ன ஆனது? 2008 ஜனவரியில், கடனையும் சேர்த்துச் சுமார் 3,000 கோடி டாலர் மதிப்பில், இரண்டு முதலீட்டு நிறுவனங்கள் ஹாராஸை வாங்கின. வாங்கியது பெரும்பாலும் கடனில். அந்தக் கடன் உட்கார்ந்தது கம்பெனியின் தலையில். அதே வருஷம் உலகப் பொருளாதாரம் சரிந்தது. சீஸர்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்ட கம்பெனியின் முக்கியப் பிரிவு, 2015 ஜனவரியில் சுமார் 1,800 கோடி டாலர் கடனுடன் திவால் பாதுகாப்பு கேட்டு கோர்ட்டுக்குப் போனது.

125 டாலரா, 60 டாலரா என்கிற கேள்வியை ஆயிரம் பேரிடம் சோதித்துப் பார்க்கலாம். ஒரு மாசத்தில் விடை தெரிந்துவிடும். தப்பானால் அடுத்த மாசம் திருத்திக்கொள்ளலாம். ஆனால், 'இவ்வளவு பெரிய கடனைச் சுமக்கலாமா?' என்பது வாழ்க்கையில் ஒருமுறை வருகிற கேள்வி. அதற்கு ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கோஷ்டி கிடையாது. சின்ன முடிவுகளில் ஜெயிக்க வைத்த மென்பொருள், பெரிய முடிவில் துணைக்கு வராது. இந்த வித்தியாசம் தெரியாவிட்டால் கதை கந்தல்தான்.

*

அது தெரியாமல் விழுந்ததற்கு நல்ல உதாரணம், 'ஜில்லோ'.

அமெரிக்காவில் வீடு, மனை விவரங்களை இணையத்தில் தரும் கம்பெனி. 2006லிருந்து ஒரு வித்தை காட்டிக்கொண்டிருந்தது. எந்த வீட்டின் விலாசத்தைக் கொடுத்தாலும், அதன் மதிப்பை மென்பொருள் கணக்குப் போட்டுச் சொல்லிவிடும். எதிர்வீட்டுக்காரர் சொத்து மதிப்பைத் தெரிந்துகொள்ளும் ஆசை எந்த ஊரில்தான் இல்லை? செம ஹிட்!

2018இல் கம்பெனி ஒரு படி மேலே போனது. 'மதிப்புதான் தெரிகிறதே... நாமே வீடுகளை வாங்கி, வெள்ளையடித்து, ரிப்பேர் செய்து விற்றால் என்ன?' 2021 செப்டம்பரில் முடிந்த மூன்று மாதங்களில் மட்டும் 9,680 வீடுகளை வாங்கித் தள்ளினார்கள். அதே மூன்று மாதங்களில் விற்றது 3,032 வீடுகள். நவம்பர் 2ஆம் தேதி, அந்தத் தொழிலையே மூடுகிறோம் என்று அறிவித்தார் சி.இ.ஓ. ரிச் பார்ட்டன். கையிருப்பு வீடுகளின் மதிப்பில் 30.4 கோடி டாலரைக் கழித்து எழுத வேண்டியிருந்தது. ஊழியர்களில் கால்வாசிப் பேருக்கு வேலை போனது. அடுத்த சில மாதங்களில் வீட்டு விலை எப்படிப் போகும் என்பதை நினைத்த அளவுக்குக் கணிக்க முடியவில்லை என்பதுதான் அவர் தந்த விளக்கம்.

கணிப்பு தப்பியது சரி. அதற்கும் அடியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மென்பொருள் ஒரு வீட்டுக்கு 3 லட்சம் டாலர் என்கிறது என்று வையுங்கள். வீட்டுக்காரருக்குத் தெரியும், எந்தச் சுவர் மழைக்கு ஓதம் காக்கும், பக்கத்து வீட்டில் ராத்திரி எத்தனை மணி வரைக்கும் கச்சேரி நடக்கும் என்று. அது மெஷினுக்குத் தெரியாது. உண்மையில் அவர் வீடு மூன்றரை லட்சம் பெறும் என்றால், ''போய்யா'' என்று கதவைச் சாத்துவார். இரண்டரை லட்சம்தான் பெறும் என்றால்? ''வாங்க சார், காபி சாப்பிடுங்க!'' ஆக, மெஷின் அதிக விலை போட்ட வீடுகளாகப் பார்த்து அதன் தலையில் வந்து கட்டப்படும்.

இதை ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பொருளாதார நிபுணர், பழைய கார் வியாபாரத்தை உதாரணமாக வைத்து 1970லேயே எழுதிவிட்டார். 2001இல் நோபல் பரிசும் வாங்கிவிட்டார். நம்மூர் மாட்டுத் தரகருக்கு நோபல் பரிசு கிடைக்காவிட்டாலும் விஷயம் தெரியும். சொன்ன விலைக்கு விற்கிறவன் உடனே தலையாட்டினால், மாட்டின் பல்லை இன்னொரு தடவை பிடித்துப் பார்ப்பார்.

வேடிக்கை பார்க்கிறவருக்குச் சொல்லும் மதிப்பு ஏழு சதவீதம் தப்பினால் யாருக்கும் நஷ்டமில்லை. அதே ஏழு சதவீதத்தோடு சொந்தப் பணத்தை இறக்கினால், லாபம் மொத்தமும் அதற்குள்ளேயே போய்விடும். ஒரே மென்பொருள், ஒரே எண். கேள்வி மாறிவிட்டது. அதைக் கவனிக்க வேண்டியது மென்பொருளின் வேலை இல்லை, தலைவரின் வேலை.

*

'அதெல்லாம் அமெரிக்காக்காரன் சமாச்சாரம்' என்கிறீர்களா? நம்முடைய பஞ்சாப் நேஷனல் வங்கிக்கு வாருங்கள்.

2018 பிப்ரவரி 14. மும்பை பிராடி ஹவுஸ் கிளையில் சுமார் 11,400 கோடி ரூபாய்க்கு மோசடி நடந்திருப்பதாக வங்கி பங்குச் சந்தைக்குத் தெரிவித்தது. தொகை பிறகு 13,000 கோடியையும் தாண்டியது. வைர வியாபாரி நீரவ் மோடி பெயர் வீட்டுக்கு வீடு அடிபட்டது நினைவிருக்கும். 'இவருக்குக் கடன் கொடுங்கள், நாங்கள் பொறுப்பு' என்று வெளிநாட்டில் உள்ள வங்கிக் கிளைகளுக்கு 'ஸ்விஃப்ட்' என்ற செய்தி வழியாக உத்தரவாதம் போனது. அந்த உத்தரவாதத்தை வங்கியின் மையக் கணக்கு மென்பொருளில் ஏற்றவில்லை. இரண்டும் தனித்தனி. ஒன்றில் நடப்பது இன்னொன்றுக்குத் தானாகத் தெரியாது.

அப்படியானால், தலைமை அலுவலகத்தில் இருந்தவர்கள் திரையில் என்ன தெரிந்திருக்கும்? ஒன்றுமே தெரிந்திருக்காது! பொய் சொல்லவில்லை, தனக்குச் சொல்லப்பட்டதை மட்டும் அந்த மென்பொருள் சொன்னது. 2016 ஆகஸ்ட்டிலிருந்து மூன்று தடவையாவது இந்த ஸ்விஃப்ட் ஆபத்தைப் பற்றி வங்கிகளை எச்சரித்திருந்ததாக ரிசர்வ் வங்கி சொன்னது. விஷயம் கடைசியில் எப்படி வெளியே வந்தது? 2018 ஜனவரியில் புது உத்தரவாதம் கேட்டு வந்தபோது, வங்கியில், ''இதுக்கு முழுத் தொகையையும் முன்பணமா கட்டணுமே'' என்றார்கள். ''இத்தனை நாள் அப்படிக் கட்டினதே இல்லையே'' என்று பதில் வந்தது. பழைய அதிகாரி 2017இல் ஓய்வு பெற்றிருந்தார். ஒரு கேள்வி, ஒரு பதில். அதில்தான் உடைந்தது.

பி.காம். பிள்ளைகளுக்கு 'பேங்க் ரீகன்சிலியேஷன்' என்றொரு பாடம் உண்டு. நம் புத்தகத்தில் இருப்பதையும் வங்கிப் புத்தகத்தில் இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஏன் ஒத்துப்போகவில்லை என்று பார்ப்பது. அந்தப் பாடத்தின் சாரம் ஒரே வரிதான்: ஒரு புத்தகத்தை மட்டும் நம்பாதே. கோடிக்கணக்கில் செலவழித்து வாங்கிய மென்பொருளுக்கும் அதே விதிதான்.

*

இதுவரை சொன்னதெல்லாம் பணம் போன கதை. பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். கடைசிக் கதை அப்படி இல்லை.

இங்கிலாந்தின் தபால் நிறுவனம், 1999லிருந்து தன் கிளைகளில் 'ஹொரைசன்' என்ற கணக்கு மென்பொருளைக் கொண்டுவந்தது. அங்கே தெருமுனைக் கடையோடு சேர்த்துத் தபால் அலுவலகம் நடத்துகிற சின்ன மனிதர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. கணக்கில் பணம் குறைந்தால், அவர்கள் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும் என்றது நிறுவனம். மென்பொருள் வந்த பிறகு, பலருடைய திரையில் இல்லாத பற்றாக்குறை முளைத்தது. உதவி எண்ணுக்குப் போன் செய்தால், ''உங்களுக்கு மட்டும்தாங்க இப்படி. வேற யாரும் புகார் சொல்லலையே'' என்று பதில். அதே பதிலை எல்லோருக்கும் சொன்னார்கள்!

2015 வரைக்கும் 900 பேருக்கு மேல் திருட்டு, பொய்க் கணக்கு என்று குற்றவாளிகளாகத் தீர்ப்பு வாங்கினார்கள். சேமிப்பைக் கரைத்தவர்கள், வீட்டை விற்றவர்கள், ஜெயிலுக்குப் போனவர்கள். வயிற்றில் பிள்ளையோடு 2010இல் சிறைக்குப் போன இந்திய வம்சாவளிப் பெண் ஒருவரும் அதில் உண்டு. கம்ப்யூட்டர் சரியாகத்தான் வேலை செய்திருக்கும் என்று சட்டமே எடுத்துக்கொண்டது. இல்லை என்றால், சந்தேகத்தைக் கிளப்ப வேண்டியது குற்றம்சாட்டப்பட்டவர் பாடு.

ஆலன் பேட்ஸ் என்ற முன்னாள் கிளைக்காரர் விடாமல் போராடினார். 555 பேர் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். மென்பொருளில் கோளாறுகள் இருந்தன என்று 2019 டிசம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் சொன்னது. 2024இல் தனிச் சட்டமே போட்டுத் தண்டனைகளை ரத்து செய்தார்கள். பொது விசாரணையின் முதல் அறிக்கை 2025 ஜூலையில் வெளியானது. இந்த விவகாரத்தால் குறைந்தது 13 பேர் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கக்கூடும் என்றது அது.

யோசித்துப் பாருங்கள். பல வருஷம் ஊருக்கு உழைத்த நூற்றுக்கணக்கான மனிதர்கள் திடீரென்று ஒரே காலத்தில் திருடர்களாக மாறுவார்களா? இந்த ஒரு கேள்வியைத் தலைமை நாற்காலியில் இருந்தவர்கள் உரக்கக் கேட்டு, விடை வருகிற வரைக்கும் விடாமல் இருந்திருந்தால், அதற்கு ஒரு மென்பொருளும் தேவைப்பட்டிருக்காது.

*

அப்படியானால் கம்ப்யூட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு, பழையபடி 'என் உள்ளுணர்வு சொல்லுது' என்று கிளம்பிவிடலாமா? வேண்டாம். உள்ளுணர்வை நம்பித் தலையில் துண்டு போட்டவர்களின் பட்டியல் இதைவிட நீளம். ஸ்டீக் சாப்பாட்டைத் தந்துகொண்டிருந்ததும் ஒருவருடைய உள்ளுணர்வுதான்.

திரைக்கு முன்னால் உட்காரும் தலைவர்கள் மூன்றே மூன்று கேள்விகளை எழுதி மேஜையில் ஒட்டி வைத்துக்கொண்டால் போதும்.

ஒன்று: 'இந்தத் திரையில் எது தெரியவில்லை?' தெரிவதைப் பற்றிப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பஞ்சாப் நேஷனல் வங்கியை மூழ்கடித்தது தெரியாமல் போனதுதான்.

இரண்டு: 'இது தப்பு என்றால் எனக்கு எப்போது, எப்படித் தெரியும்?' ஒரு மாசத்தில் தெரியும் என்றால் மென்பொருளை நம்பி இறங்கலாம். 9,000 வீடுகளை வாங்கிய பிறகுதான் தெரியும் என்றால், ஒன்பது வீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுப் பொறுமையாக உட்கார வேண்டும்.

மூன்று: 'திரை தப்பு என்று சொல்ல வந்த ஆளுக்கு நம் கம்பெனியில் என்ன ஆனது?' பிரமோஷனா, மெமோவா? மற்ற இரண்டு கேள்விகளுக்கும் உண்மையான விடை கிடைக்குமா என்பது இதைப் பொறுத்தது.

இப்போது செயற்கை நுண்ணறிவு வேறு வந்துவிட்டது. முன்னாலாவது எண்களும் கட்டங்களும்தான் வரும். புரியாவிட்டால் சந்தேகமாவது வரும். இது அழகான வாக்கியத்தில், தயக்கமே இல்லாத குரலில் பதில் சொல்கிறது. தெரியாததையும் தெரிந்த மாதிரியே சொல்கிறது. கோடாங்கிக்கு இப்போது இலக்கணச் சுத்தமான பேச்சும் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே, அந்த மூன்று கேள்விகளும் முன்னைவிட இப்போதுதான் அதிகம் தேவை. 'என் திட்டம் நல்ல திட்டமா?' என்று அதனிடம் கேட்காதீர்கள். 'என் திட்டம் எந்தெந்த வழியில் மண்ணைக் கவ்வும்?' என்று கேளுங்கள். பிரிக்லினின் மாயக் கரும்பலகையும் அதற்குத்தானே பிறந்தது?

'நான் எம்.டி. இல்லையே, எனக்கெதுக்கு இதெல்லாம்?' என்று சிலர் கேட்கலாம். அந்தத் திரைக்குக் கீழிருந்து எண்களை அனுப்புகிறவர் நீங்களாக இருக்கலாம், இல்லையா? வெளியே பச்சை, உள்ளே சிவப்பு... ஐ.டி. கம்பெனிகளில் இப்படிப்பட்ட ரிப்போர்ட்டுக்கு வாட்டர்மெலன் என்று செல்லப் பெயரே உண்டு. மேலே இருப்பவர் சிவப்பைப் பார்த்தால் கத்துவார் என்று பயந்து கீழே இருப்பவர் மஞ்சள் பூசுவார். அவருக்கு மேலே இருப்பவர் அதிலும் கொஞ்சம் பச்சை கலப்பார். தலைவர் மேஜைக்குப் போய்ச் சேரும்போது தோட்டமே பூத்துக் குலுங்கும்.

அடுத்த மீட்டிங்கில், ''எல்லாம் பச்சை சார்!'' என்று யாராவது சொன்னால், கை தட்டுவதற்கு முன்னால் ஒருவராவது கேளுங்கள்: ''போன தடவை இதுல சிவப்பு காட்டினவர் இப்ப எங்கே சார்?''